வீடு தேடி வரும் சர்வே – நாம் சொல்லும் பதிலுக்கு என்ன மதிப்பு?



இந்த இதழின் பாடம் சேமிப்பு, கடன், வட்டி பற்றியது அல்ல. ஆனாலும் இதுவும் ஒரு கணக்குதான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், தோளில் எடை மெஷின் பை என்று இரண்டு மூன்று பேர் நம் தெருவுக்குள் வருகிறார்கள். வரிசையாகப் போகாமல் இங்கே ஒரு வீடு, நாலு வீடு தள்ளி இன்னொரு வீடு என்று கதவைத் தட்டுகிறார்கள். "நேத்து ராத்திரி இந்த வீட்ல யார் யார் தங்குனீங்க? எந்தத் தண்ணி குடிக்கிறீங்க? எத்தனை பிரசவம்? விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நம்மில் பலர், "ஆம்பளைங்க வீட்ல இல்ல, அப்புறம் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

ஏன் என்று குழுக் கூட்டங்களில் கேட்டுப் பார்த்தோம். வந்த பதில்களை அப்படியே எழுதுகிறோம். "உள்ளதைச் சொன்னா சிவப்புக் கார்ட மஞ்சள் கார்டா மாத்திடுவாங்க." "எடுத்துட்டுப் போற ரத்தத்த என்ன பண்ணுவாங்களோ?" "ஊர்ல இத்தனை வீடு இருக்க, எங்க வீட்ட மட்டும் ஏன் கேக்கணும்?" கடற்கரைக் கிராமத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னது இது: "சுனாமி வந்த 2004-லேர்ந்து எத்தனையோ பேர் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. எழுதுனவங்க ஒருத்தராவது திரும்பி வந்து என்ன எழுதுனோம்னு சொன்னாங்களா?"

இவற்றில் ஒன்றுகூட அறியாமையால் கேட்ட கேள்வி அல்ல. அந்த மூத்த அக்கா கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. எனவே "சர்வேக்கு ஒத்துழைப்புத் தாருங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. விஷயத்தைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்த கதை

2022 ஜூலை மாதம் யாருக்கும் மறந்திருக்காது. காரைக்காலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நூற்றுக்கணக்கானவர்களைப் படுக்க வைத்தது. சிலருக்குக் காலரா என்பது உறுதியானது. சுகாதாரத் துறை பொது சுகாதார அவசர நிலை அறிவித்தது. 144 தடை உத்தரவு வந்தது, பள்ளி கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று பேசப்பட்டது. இந்த மாதிரி நேரத்தில் எந்தக் குழாய், எந்தத் தொட்டி என்று எப்படித் தெரியும்? நோய் வந்த வீட்டிலும் வராத வீட்டிலும் போய், "எந்தத் தண்ணி குடிச்சீங்க, எப்பக் குடிச்சீங்க?" என்று கேட்டால்தான் தெரியும்.

இந்த வழிக்கு முன்னோடியாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். 1854-ஆம் ஆண்டு, லண்டன் நகரம். பிராட் தெரு என்ற இடத்தைச் சுற்றி காலரா பரவி, சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மட்டும் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டார். வீடு வீடாகப் போய் எந்த அடிபம்பில் தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு பம்பு தண்ணீர் குடித்தவர்கள். ஆனால் பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விதவை அம்மாவும் காலராவில் இறந்திருந்தார். அந்தப் பக்கம் வேறு யாருக்கும் நோய் இல்லை. கெட்ட காற்று அவர் ஒருவரை மட்டும் எப்படித் தேடிப் போகும்? அவருடைய மகனைக் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. அந்த அம்மா முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர். அந்தத் தண்ணீர் ருசிக்காகத் தினமும் ஒரு பாட்டிலில் பிடித்து வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். மகன் சொன்ன அந்த ஒரு பதிலில் ஸ்நோவுக்குப் பெரிய ஆதாரம் கிடைத்தது.

நம் குழுக்களில் நாம் அதிகம் சொல்லும் பகுதி இதற்கு அடுத்துதான் வருகிறது. அந்தப் பம்புக்குள் நோய் எப்படிப் போனது என்று ஸ்நோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே பகுதியில் ஊழியம் செய்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார், ஸ்நோ சொல்வது தவறு என்று நிரூபிக்கத்தான் விசாரிக்க ஆரம்பித்தார். ஊர் சனம் எல்லாம் அவருக்குப் பழக்கம். ஒரே வீட்டுக்கு நாலைந்து முறைகூடப் போய்க் கேட்டார். கடைசியில் பம்புக்குப் பக்கத்து வீட்டில், எல்லோருக்கும் முன்பே ஒரு ஐந்து மாதக் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது தெரிந்தது. அந்தத் தாயைக் கேட்டார். குழந்தையின் பீத்துணியை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை வீட்டு முன்னால் இருந்த கழிவுக் குழியில் ஊற்றியதாக அவர் சொன்னார். குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். செங்கல் இற்றுப் போய், மூன்றடிகூடத் தள்ளியில்லாத கிணற்றுக்குள் கழிவு கசிந்து கொண்டிருந்தது.

குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய். "உன்னாலதான் ஊர் செத்துது" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். உள்ளதைச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் அந்தப் பதில் கிடைத்திருக்காது. பீத்துணி எங்கே அலசினோம் என்பது துவைத்த பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏன் எங்க வீட்டை மட்டும்?

காலரா மாதிரி அவசரம் வந்தால் மட்டும் கேட்பது ஒரு வகை. எல்லாம் அமைதியாக இருக்கும்போதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து கேட்பது இன்னொரு வகை. இந்தியாவில் இந்த இரண்டாவது வகையில் முக்கியமானது தேசிய குடும்ப நல ஆய்வு. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. 1992-93-ல் முதல் சுற்று. 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் 6,36,699 வீடுகளிலும், 7,24,115 பெண்களிடமும், 1,01,839 ஆண்களிடமும் கேட்டார்கள். ஆறாவது சுற்று 2023-24-ல் நடந்தது.

ஏழு லட்சம் பெண்கள் என்றால் நிறையத்தான். ஆனால் நாட்டில் இருக்கும் பெண்களோடு ஒப்பிட்டால் இது ஒரு பிடி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம் அல்லவா, அதே கணக்கு. அந்த ஒரு சோற்றை மேலாக எடுத்துப் பார்த்தால் அடியில் வேகாமல் கிடப்பது தெரியாது. கிளறிவிட்டு எடுக்க வேண்டும். அதனால்தான் வீடுகளைச் சீட்டுக் குலுக்குவது போல, யார் விருப்பமும் கலக்காத முறையில் பொறுக்குகிறார்கள். ஊரைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் எல்லா வீட்டையும் பட்டியல் எழுதி, அதிலிருந்து 22 வீடுகளை எடுக்கிறார்கள். உங்கள் வீடு வந்தது உங்களைக் குறிவைத்து அல்ல. விட்டுப்போனது உங்களை ஒதுக்கியும் அல்ல.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொறுக்கிய வீடு பூட்டியிருந்தாலும், பதில் சொல்ல மாட்டோம் என்றாலும், அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது. மறுபடி மறுபடி வந்து பார்ப்பார்கள். கடைசி வரை கிடைக்காவிட்டால் அந்த வீடு போனது போனதுதான். இப்போது யோசித்துப் பாருங்கள். விடியற்காலை கூடையோடு கிளம்பி மீன் விற்கப் போகும் பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், நடவு காலத்தில் வயலிலேயே இருக்கும் பெண், இவர்கள் வீடெல்லாம் பகலில் பூட்டித்தான் கிடக்கும். 22 வீட்டில் இப்படி ஆறு வீடு விட்டுப் போனால், மீதி இருப்பது பகலில் வீட்டில் இருக்க வசதி உள்ளவர்களின் கணக்கு. உழைத்து உடம்பு ஓடாய்ப் போனவர்களின் ரத்தசோகை அந்தக் கணக்கில் வரவே வராது.

"நேத்து ராத்திரி யார் தங்குனாங்க" என்ற கேள்வி பலருக்கு முகம் சுளிக்க வைக்கிறது. அதில் உள்நோக்கம் ஒன்றும் இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள் இருக்கிறாள். இவளை மாமியார் வீட்டுக் கணக்கில் எழுதுவதா, அம்மா வீட்டுக் கணக்கில் எழுதுவதா? இரண்டிலும் எழுதினால் இரட்டிப்பாகும், இரண்டிலும் விட்டால் காணாமல் போவாள். முந்தின இரவு படுத்த இடம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

காரைக்காலுக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம்

ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நாம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், ஆனால் புதுச்சேரி நகரமோ 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதும் 12,47,953 பேர். அதில் காரைக்கால் மாவட்டம் 2,00,222. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மொத்தமாக ஒரு சதவீதம் போட்டால் அது பெரும்பாலும் புதுச்சேரி நகரத்தின் கதையாகத்தான் இருக்கும். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, நெடுங்காடு எல்லாம் அதற்குள் கரைந்து போகும்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் போடலாமே என்று கேட்கலாம். நம் ஊர் நிலைமைக்கு அது சரிப்படாது. சுற்றியுள்ள தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து காரைக்கால் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். நம் பெண்களோ நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் போகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வசிப்பவருக்கு அந்தப் பக்கம் பிரசவம், அந்தப் பக்கம் வசிப்பவருக்கு இந்தப் பக்கம் மாத்திரை. இதில் எது காரைக்கால் கணக்கு? வீட்டில் வந்து கேட்டால்தான் தெளிவாகும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் முதல் மூன்று சுற்றுகளிலும் புதுச்சேரி கிடையாது. நாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2015-16-ல் நடந்த நான்காவது சுற்றில்தான் எல்லா ஒன்றியப் பிரதேசங்களையும் சேர்த்தார்கள். மாவட்ட வாரியாகக் கணக்குக் கொடுத்ததும் அந்தச் சுற்றில்தான் ஆரம்பம். அப்போதுதான் காரைக்காலுக்கென்று தனியாக ஒரு விவரத்தாள் வந்தது. ஐந்தாவது சுற்றில் மறுபடியும் வந்தது. சின்ன மாவட்டம் என்பதால் இங்கே நூறு பெண்கள் பதில் சொல்லாமல் போனாலும் அதன் பாதிப்புப் பெரிதாக இருக்கும்.

கணக்கு வந்தால் என்ன தெரியும் என்பதற்கு இன்னொரு ஆய்வைச் சொல்கிறோம். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைப் பரிசோதித்தன. 2023-ல் முடிவு வெளியானது. சர்க்கரை நோயில் முதலிடம் கோவா 26.4 சதவீதம். இரண்டாவது நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், 26.3 சதவீதம். நாலு பேரில் ஒருவருக்கு! சர்க்கரை பணக்கார வியாதி, எங்களுக்கு எங்கே வரப்போகிறது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒரு முறை உரக்கப் படியுங்கள். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொன்னால், "நாலுல ஒருத்தருக்கு இருக்குன்னு கணக்கே சொல்லுது, அதுக்கேத்த மாதிரி ஏன் வாங்கி வைக்கல?" என்று நாம் கேட்கலாம். மனு எழுதும்போது "எங்கள் பகுதியில் பலர் அவதிப்படுகிறார்கள்" என்று எழுதுவதும், எண்ணோடு எழுதுவதும் ஒன்றல்ல. இது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. பேங்க் மேனேஜர் முன்னால் கணக்கு நோட்டோடு உட்கார்ந்து பழகியவர்கள் நீங்கள்.

கௌரவத்துக்குச் சொல்லும் பதில்

கதவைத் திறக்காதது ஒரு பிரச்சினை என்றால், திறந்துவிட்டு மாற்றிச் சொல்வது அதைவிடப் பெரிய பிரச்சினை. வெளி மனிதர் வந்து கேட்டால் நம் வீட்டை விட்டுக்கொடுக்க மனசு வராது. "தினமும் காய், கீரை, முட்டை எல்லாம் சாப்பிடுறோம்" என்போம். கக்கூஸ் இருக்கிறது, ஆனால் அதில் விறகு அடுக்கியிருக்கிறது. "இருக்கா?" என்றால் "இருக்கு", அதோடு முடித்துக்கொள்வோம். கலைந்துபோன கர்ப்பத்தைச் சொல்ல மாட்டோம். வீட்டுக்காரர் குடிக்கிறாரா என்றால் மாமியார் முகத்தைப் பார்ப்போம். இதற்கு நேர்மாறாக, இல்லை என்று சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்று இருப்பதை மறைப்பவர்களும் உண்டு.

குடும்ப நல ஆய்வில் சொல்லும் பதிலை வைத்து யாருக்கும் வீடோ, கேஸ் அடுப்போ, உதவித்தொகையோ கொடுப்பதில்லை. யாருடைய ரேஷன் கார்டு நிறத்தையும் மாற்றுவதும் இல்லை. பெயரோடு பட்டியல் வெளியாகாது. நூற்றுக்கு இத்தனை பேர் என்ற எண் மட்டும்தான் வெளியாகும். அப்படியானால் எனக்கு நேரடியாக என்ன லாபம்? ரொம்பக் குறைவு என்பதுதான் உண்மை. சுற்றுக்குச் சுற்று பரிசோதனைகள் மாறும். ஐந்தாவது சுற்றில் ரத்த அளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, முடிவை அங்கேயே சொல்லி எழுதியும் கொடுத்தார்கள். ஆறாவது சுற்றில் ரத்தசோகைப் பரிசோதனையை எடுத்துவிட்டார்கள். விரல் சொட்டில் பார்ப்பது எவ்வளவு சரி என்ற விவாதத்துக்குப் பிறகு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தனி ஆய்வுக்கு அது போனது. அதில் கை நரம்பில் ரத்தம் எடுக்கிறார்கள். யார் எடுத்தாலும், "முடிவ எப்ப, எப்படிச் சொல்வீங்க?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உண்மையைச் சொன்னதால் வெளிச்சத்துக்கு வந்தவை சில உண்டு. 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்திய அளவில் 2015-16-ல் 58.6 சதவீதம். 2019-21-ல் அது 67.1 ஆகக் கூடியது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.1 என்பது 57.0 ஆனது. இத்தனை இரும்புச்சத்து மாத்திரைக்குப் பிறகும் ஏன் என்ற கேள்வி எழுந்ததே இந்த எண்களால்தான். அடுத்தது இன்னும் வேதனையானது. திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரிடம் வன்கொடுமையை அனுபவித்திருக்கிறார்கள். இதில் எத்தனை பேர் காவல் நிலையம் போயிருப்பார்கள்? வீட்டுக்குள் உட்கார்ந்து இன்னொரு பெண்ணிடம் மெல்லிய குரலில் சொன்னதால்தான் இது நாட்டுக்குத் தெரிந்தது.

நாமும் கேட்க வேண்டும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் இந்த ஆய்வுகளுக்கும் வித்தியாசம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, அதில் பதில் சொல்வது கட்டாயம். சுகாதார ஆய்வு அப்படி அல்ல. விருப்பம் இருந்தால் மட்டும்தான். ஒரு கேள்விக்குப் பதில் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், பாதியில் போதும் என்றும் சொல்லலாம். பதில் சொல்கிறேன், ரத்தம் தர மாட்டேன் என்றும் சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது. மறுத்ததற்காக எந்தச் சலுகையும் நின்றுபோகக் கூடாது. வந்தவர் இதையெல்லாம் முதலில் உங்களுக்குப் புரியும்படி வாசித்துச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். கையெழுத்தை மட்டும் அவசரமாகக் கேட்டால் பேனாவைக் கீழே வையுங்கள்.

அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆஷா அக்காவையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள். "உங்க பேர்ல பேங்க் கணக்கு இருக்கா, அத நீங்களே எடுத்து நடத்துறீங்களா?" என்று குடும்ப நல ஆய்வில் கேட்டிருக்கிறார்கள், அது நியாயமான கேள்வி. கணக்கு எண், ஏ.டி.எம். நம்பர், ஓ.டி.பி. கேட்டால் அது சர்வே இல்லை, திருட்டு. உடனே அனுப்பிவிடுங்கள்.

தனிமை பற்றி ஒரு வார்த்தை. வன்கொடுமை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. யாராவது வந்துவிட்டால் கேட்பதை நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் ஒரு அறை, அதில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அத்தை என்று கூட்டம் கூடிவிடும். இங்கேதான் குழு பெரிய உதவி செய்யலாம். "வாங்க பெரியம்மா, டீ போட்டுத் தரேன்" என்று மற்றவர்களை அரை மணி நேரம் திண்ணைக்கு அழைத்துப் போனாலே போதும். உள்ளே என்ன கேட்டார்கள் என்று பிறகு குடையக் கூடாது. குழுத் தலைவியாக இருந்தாலும் கூடாது.

குழு செய்யக் கூடாத ஒன்றும் இருக்கிறது. சர்வேக்கு உட்காராதவருக்குக் கடன் கிடையாது என்றோ, அபராதம் என்றோ தீர்மான நோட்டில் எழுதிவிடாதீர்கள். மேலிடத்திலிருந்து யாராவது அப்படிச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பயந்து சொல்லும் பதிலால் யாருக்கும் பயனில்லை, அந்தப் பெண்ணோ குழுவை விட்டே போய்விடுவார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுவிட்டு அரை மணி நேரம் பேசுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினரை முதலில் பேசவிடுங்கள்.

நம் தெருவில் காலை 10 மணிக்குக் கதவு பூட்டியிருக்கும் வீடுகள் எத்தனை? அவர்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள்? சர்வே ஆட்கள் வந்தால் இந்த நேரத்தை அவர்களிடம் சொல்லும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது?

இதுவரை உங்கள் வீட்டுக்கு வந்த சர்வேயில் நீங்கள் மாற்றிச் சொன்ன பதில் ஏதாவது உண்டா? விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சொல்லலாம். எதற்காக மாற்றிச் சொன்னீர்கள்?

2022-ல் வயிற்றுப்போக்கு வந்தபோது உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இப்போது எங்கிருந்து வருகிறது? குழாய் சாக்கடையைத் தாண்டி வரும் இடங்களை ஒரு தாளில் படமாக வரையுங்கள்.

எழுதியவர்கள் திரும்பி வந்து முடிவைச் சொல்லவில்லை என்ற குறைக்கு நம் பங்காக, காரைக்கால் மாவட்ட விவரத்தாளைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கொம்யூன் கூட்டத்திலும் படிக்க கூட்டமைப்பு அலுவலகம் ஏற்பாடு செய்யும். நீங்கள் வரைந்த தண்ணீர்ப் படத்தை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.